ஒரே விதி, இரண்டு வீடு: நியூயார்க் சக்ஸஸ் அகாடமி பற்றிய நிகழ்வு ஆய்வு

2015 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத் தேர்வு முடிவுகள் வந்தன. நகரப் பள்ளிப் பிள்ளைகளில் கணக்கில் தேர்ச்சி பெற்றவர்கள் 35 சதவீதம். அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்தும் சார்ட்டர் பள்ளித் தொகுப்பான சக்ஸஸ் அகாடமியில் 93 சதவீதம். ஆங்கிலத்தில் நகரம் 30, சக்ஸஸ் 68. அந்த முடிவுகள் பற்றிய பேச்சு அடங்குவதற்குள், அக்டோபர் 29 அன்று, அதே பள்ளித் தொகுப்பின் புரூக்ளின் ஃபோர்ட் கிரீன் கிளையில் ஒரு பட்டியல் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. "போயாக வேண்டியவர்கள்" என்ற தலைப்பின் கீழ் 16 குழந்தைகளின் பெயர்கள். செய்தி வந்த நேரத்தில் அவர்களில் 9 பேர் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். பட்டியல் போட்ட பிரின்சிபால் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். அது மூன்று நாள்தான் இருந்தது, தெரிந்ததும் கண்டித்துவிட்டோம் என்றார் நிறுவனர் ஈவா மாஸ்கோவிட்ஸ்.

இந்தப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் சொல்வது இன்றுவரை இப்படி இரண்டாகவே பிரிந்து கிடக்கிறது. "என் பிள்ளையின் தலையெழுத்தையே மாற்றிவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்வார். "ஐந்து வயதுக் குழந்தையைக் குற்றவாளி மாதிரி நடத்தினார்கள்" என்று இன்னொருவர் சொல்வார். கிளைக்குக் கிளை வித்தியாசம், ஆசிரியருக்கு ஆசிரியர் வித்தியாசம் என்று இதைச் சமாதானம் சொல்வது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆவணங்களையும் வழக்குகளையும் ஆய்வுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: பாராட்டும் புகாரும் ஒரே விதிகளிலிருந்து வருகின்றன. நேரம், ஒழுங்கு, வீட்டின் பங்கு என்ற மூன்றிலும் பள்ளி இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் கட்டுக்குள் அடங்கும் பிள்ளைக்கு அது ஏணி. அடங்காத பிள்ளைக்கு அதே விதிதான் வெளியே போகும் வழியையும் காட்டுகிறது.

யார் பள்ளி, யார் பணம்

நியூயார்க்கில் சார்ட்டர் பள்ளிச் சட்டம் 1998 டிசம்பரில் வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. நிர்வாகம் மட்டும் தனி அறங்காவலர் குழுவின் கையில். அரசு உதவி பெறும் பள்ளியைப் போல என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது. சார்ட்டர் என்பது அதிகபட்சம் ஐந்து ஆண்டு ஒப்பந்தம். காலம் முடியும்போது அனுமதி தந்த அமைப்பு தேர்வு முடிவு, கணக்குவழக்கு எல்லாவற்றையும் பார்த்துப் புதுப்பிக்கலாம், மூடவும் சொல்லலாம். அந்த அமைப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மாநிலக் கல்வி வாரியமான ரீஜென்ட்ஸ், அல்லது நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள். சக்ஸஸ் அகாடமி இரண்டாவதன் கீழ் வருகிறது. புகார் எங்கே போகும் என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது. மேயரிடமோ நகரக் கல்வித் துறையிடமோ போய் நின்றால் "அது எங்கள் பள்ளி இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

பணம் பிள்ளைக் கணக்கில் வருகிறது. 2013-14இல் ஒரு பிள்ளைக்கு 13,527 டாலர். நகரம் அதை ஆண்டுக்கு ஆறு தவணையாகத் தருகிறது. பிள்ளை நடுவில் போனால் மிச்ச மாதங்களுக்கான தொகை கழிக்கப்படும். "அக்டோபர் எண்ணிக்கை முடிந்ததும் பணத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி வரும். ஒரே நாளின் மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டுப் பணம் தரும் வேறு மாநிலங்களுக்கு அது பொருந்தலாம், நியூயார்க்குக்குப் பொருந்தாது. இங்கே பிள்ளையை வெளியே தள்ளுவதில் பள்ளிக்குப் பண லாபம் இல்லை. அழுத்தம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது: தேர்வு முடிவு, வகுப்பின் ஒழுங்கு, ஒப்பந்தப் புதுப்பிப்பு.

மாஸ்கோவிட்ஸ் நகர மன்றத்தில் கல்விக் குழுத் தலைவராக இருந்தவர். 2006 ஆகஸ்டில் ஹார்லெமில் முதல் பள்ளியைத் திறந்தபோது பாலர் வகுப்பிலும் முதல் வகுப்பிலுமாக 165 குழந்தைகள். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக வளர்ந்தது. பெரும்பாலானவை நகர அரசின் கட்டடங்களில், வேறு அரசுப் பள்ளிகளோடு மாடி பிரித்துக்கொண்டு நடக்கின்றன. விளையாட்டுக்கூடமும் சாப்பாட்டுக்கூடமும் நேரம் பிரித்துப் பயன்படும். புதிதாக வண்ணம் அடித்த தாழ்வாரம் ஒரு மாடியில், சுண்ணாம்பு உதிரும் தாழ்வாரம் இன்னொரு மாடியில் என்றால் இரண்டு பக்கப் பெற்றோருக்கும் மனக்கசப்பு வராமல் இருக்காது. 2014இல் மேயர் டி பிளாசியோ இப்படியான மூன்று கட்டட ஒதுக்கீடுகளை ரத்து செய்ததும் பள்ளித் தொகுப்பு மார்ச் 4 அன்று வகுப்புகளை நிறுத்திப் பெற்றோரையும் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றி மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குக் கூட்டிப்போனது. அந்த மாதக் கடைசியிலேயே சட்டம் மாறியது: புதிய சார்ட்டர் பள்ளிக்கு நகரம் இடம் தர வேண்டும், இல்லையேல் வாடகை தர வேண்டும். இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பவர் அதன் அரசியலுக்கும் அழைக்கப்படுவார் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

குலுக்கலுக்குப் பிறகு நடக்கும் வடிகட்டல்

விண்ணப்பம் இணையத்தில், இலவசம், கடைசி நாள் ஏப்ரல் 1. ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்புக்கும் அந்தப் பள்ளி மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் முன்னுரிமை. மீதி குலுக்கல். ஓர் இடத்துக்கு ஐந்து பேர் போட்டியிட்ட ஆண்டுகள் உண்டு. குலுக்கலில் தில்லுமுல்லு என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். கவனிக்க வேண்டியது பெயர் விழுந்த பிறகு நடப்பது.

தகவல் கூட்டத்துக்கு வர வேண்டும். ஆவணங்களைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சீருடை அளவெடுக்கப் பிள்ளையோடு வர வேண்டும். வகுப்பு தொடங்குமுன் நடக்கும் ஒத்திகை நாளுக்கு வர வேண்டும். 2010-11 குலுக்கலை வைத்து எம்டிஆர்சி ஆய்வு நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் படிகள் எண்ணிக்கையோடு தெரிகின்றன. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்து, இடம் கிடைத்தவர்களில் சுமார் பாதிப் பேர்தான் கடைசியில் சேர்ந்தார்கள். வேறு நல்ல பள்ளி கிடைத்து விலகியவர்கள் அதில் உண்டு. வீடு மாறியவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பள்ளி ஒளிவுமறைவில்லாமல் ஒரே செய்தியைச் சொல்கிறது: ஒரு நிமிடத் தாமதமும் தாமதமே, வீட்டில் தினமும் வாசிக்க வைக்க வேண்டும், அழைத்தால் வர வேண்டும். நம்மால் முடியாது என்று அங்கேயே எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் அறிவையோ குடும்பத்தின் வருமானத்தையோ இது சோதிப்பதில்லை. பெற்றோரின் நேரத்தைச் சோதிக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்குள்ளேயே வேலை நேரம் தன் கையில் இருப்பவர், பாட்டி வீட்டோடு இருப்பவர் ஒரு பக்கம். ஷிஃப்ட் வேலையில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் மறுபக்கம் என்று பிரிகிறது. சட்டப்படி இதில் குற்றம் ஏதும் இல்லை.

சேரும்போது கேட்கப்படுவது பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு. குடியேற்ற நிலை பற்றி எந்த அரசுப் பள்ளியும் கேட்கக் கூடாது. சார்ட்டர் பள்ளியும் அதில் அடக்கம். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து இடம் கிடைக்கிறவர்கள் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்த வகுப்பில் உட்கார வைப்பீர்கள்? புதிதாக வரும் பிள்ளைக்கு மதிப்பீடு வைத்து ஒரு வகுப்பு கீழே போடும் வழக்கம் இங்கே உண்டு. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இதைக் கேட்காமல் விட்டவர்கள், இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை மறுபடி இரண்டில் உட்காரும்போதுதான் அதிர்ந்துபோகிறார்கள்.

உள்ளே கிடைப்பது

பாராட்டும் பெற்றோர் ஏமாளிகள் அல்ல. பாலர் வகுப்பிலேயே வாரம் ஐந்து நாளும் அறிவியல், செய்து பார்க்கும் முறையில். நகரப் பள்ளிகளில் பல இடங்களில் அந்த வயதில் அறிவியல் என்று தனியாக ஒன்றும் இருக்காது. சதுரங்கம், கட்டை அடுக்கும் விளையாட்டு, அருங்காட்சியகப் பயணம் எல்லாம் உண்டு. பள்ளி நாள் நீளம். வகுப்பு அமைதியாக இருக்கும்; அடிதடி, கிண்டல் என்ற பயம் குறைவு. பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறினால் வீட்டுக்குச் செய்தி அந்த வாரமே வந்துவிடும், மார்ச் மாதம் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துத் தெருப் பள்ளியில் மூன்றாண்டு இருந்தும் வாசிக்கத் தெரியாத மூத்த பிள்ளையைப் பார்த்த அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் உயர்வு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததால் வந்த மாயமும் அல்ல. அதே எம்டிஆர்சி ஆய்வு குலுக்கலில் வென்றவர்களையும் தோற்றவர்களையும் ஒப்பிட்டது. இரண்டு பக்கத்திலும் விண்ணப்பம் போடும் அளவு அக்கறை உள்ள பெற்றோர்தான். அப்படியிருந்தும் வென்ற பக்கத்துப் பிள்ளைகள் தேர்வில் தெளிவாக முன்னே இருந்தார்கள், கணக்கில் குறிப்பாக.

அந்த அமைதிக்கு என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும். முதுகு நேராக, கைகள் கோத்து, கண் பேசுகிறவர் மேல். முதல் வகுப்புப் பிள்ளை இப்படி உட்காராவிட்டால் திருத்தம், மறுபடி திருத்தம், பிறகு தண்டனை. மதிப்பெண்களைத் தாழ்வாரச் சுவரில் பெயரோடு ஒட்டி, கீழே உள்ளவர்களைச் சிவப்பு மண்டலத்தில் போட்ட வழக்கத்தை 2015 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விவரித்தது. பயிற்சித் தேர்வின்போது கழிப்பறைக்குப் போக முடியாமல் உடையிலேயே சிறுநீர் கழித்த குழந்தைகள் பற்றியும் அந்தச் செய்தி சொன்னது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு வீடியோ வெளியானது: முதல் வகுப்பு மாணவி கணக்கை விளக்கத் தடுமாறுகிறாள், ஆசிரியை அவள் தாளைக் கிழித்துத் தனி நாற்காலிக்கு அனுப்புகிறார். உடனே நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் ஆசிரியைக்காகப் பேச வந்தவர்களில் பெற்றோரும் இருந்தார்கள். அந்தக் குழந்தையின் தாய் பள்ளி நடந்துகொண்ட விதத்தைக் கண்டித்தார். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொன்னது. ஒரே ஆசிரியை, ஒரே முறை, வேறு வேறு பிள்ளைகள்.

புதன்கிழமை மதியம்

ஆசிரியர் பயிற்சிக்காகப் புதன்கிழமை அரைநாள். பிற்பகல் தொடங்கும்போதே பிள்ளையை அழைக்க வாசலில் ஆள் நிற்க வேண்டும். மற்ற நாள்களில் மாலை வரை பள்ளி. வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் மதியம் வேலையை விட்டு வர முதலாளியைச் சம்மதிக்க வைப்பது, தினமும் மூன்று மணிக்குக் கிளம்புவதைவிடக் கடினம். அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்கு மட்டும் ஆள் வைத்தால் அவரும் முழு நாள் கூலி கேட்பார். நடைமுறையில் பெற்றோர் செய்வது, அதே வகுப்பின் இரண்டு மூன்று குடும்பங்கள் முறை வைத்து அழைத்துப்போவது. இதற்கு ஒரு நிபந்தனை: அழைத்துப்போக அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அத்தனை பெரியவர்களின் பெயரும் செப்டம்பரிலேயே ஏறியிருக்க வேண்டும். பெயர் இல்லாதவரிடம் பிள்ளையைத் தர மாட்டார்கள், அது சரியும்தான்.

வாசிப்புக் குறிப்பேடு தினமும் கையெழுத்தோடு போக வேண்டும். சீருடை ஆரஞ்சும் நீலமும். காலணி, பெல்ட் வரை விதி உண்டு. நகரின் மஞ்சள் பேருந்து, சார்ட்டர் பிள்ளைகளுக்கும் தூரமும் வகுப்பும் பொருந்தினால் கிடைக்கும். ஆனால் அது நகரப் பள்ளி நாள்காட்டியின்படி ஓடும். சார்ட்டர் பள்ளி ஆகஸ்டிலேயே திறந்துவிட்டால் செப்டம்பர் வரை பேருந்தை நம்ப முடியாது. இதையெல்லாம் முன்கூட்டி எழுதிவைத்துத் திட்டம் போடும் வீட்டில் பிரச்சினை இல்லை. தவறிய கையெழுத்து, பத்து நிமிடத் தாமதம் ஒவ்வொன்றும் பதிவாகிறது. பிள்ளை பின்தங்கும்போது அந்தப் பதிவு முதலில் மேசைக்கு வரும்: "வீட்டின் பங்கு நடக்கவில்லை." பள்ளி அப்படிச் சொன்ன பிறகு பேச்சு பிள்ளையின் தேவையிலிருந்து அம்மாவின் குறைக்கு நகர்ந்துவிடும்.

பதினொன்றே முக்காலுக்கு வரும் அழைப்பு

புகார்களில் அதிகம் வருவது இது. காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனால், மதியத்துக்குள் பள்ளியிலிருந்து அழைப்பு. பிள்ளை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான், கத்துகிறான், வந்து அழைத்துப்போங்கள். சஸ்பென்ஷன் என்ற சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். கடிதம் கிடையாது. வருகைப் பதிவேட்டில் பிள்ளை வந்ததாகவே இருக்கும். இது வாரம் இரண்டு முறை, பிறகு மூன்று முறை ஆகும்போது அம்மாவின் வேலைக்கு ஆபத்து வருகிறது. வேறு பள்ளி பார்க்கலாமா என்ற எண்ணம் அவருக்கே தோன்றுகிறது. பள்ளியிடமிருந்து "உங்கள் பிள்ளைக்கு இது பொருத்தமான இடம்தானா?" என்ற கேள்வியும் அதே நேரத்தில் வருகிறது. பிறகு விலகல் படிவத்தில் பெற்றோரே விரும்பி விலகியதாகக் கையெழுத்து விழுகிறது. புள்ளிவிவரத்தில் வெளியேற்றம் பூஜ்யம்.

எழுதிக் கொடுத்த சஸ்பென்ஷன்களும் குறைவில்லை. 2012-13இல் குறைந்தது ஓராண்டு நடந்திருந்த சக்ஸஸ் கிளைகளில் 4 முதல் 23 சதவீதம் பிள்ளைகள் ஒரு முறையாவது சஸ்பெண்ட் ஆனார்கள். பெரும்பாலான கிளைகளில் 10 சதவீதத்துக்கு மேல். நகரப் பள்ளிகளில் அந்த ஆண்டு 3 சதவீதம். பாலர் வகுப்பும் அதில் அடக்கம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எழுதாத அனுப்புதல் ஏன் ஆபத்து? சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையை ஓராண்டில் மொத்தம் பத்துப் பள்ளி நாளுக்கு மேல், ஒரே போக்கில் வகுப்பிலிருந்து விலக்கினால், அந்த நடத்தை குறைபாட்டின் விளைவா என்று ஆராயும் கூட்டத்தைப் பத்துப் பள்ளி நாளுக்குள் நடத்த வேண்டும் என்பது மத்தியச் சட்டம். விளைவுதான் என்றால் பிள்ளையைத் திரும்ப எடுத்து, நடத்தைக்கான திட்டம் போட வேண்டும். கடிதம் இல்லாமல் அனுப்பினால் இந்தப் பத்து நாள் கணக்கே தொடங்காது. பாதி நாளில் அழைத்துப்போகச் சொல்வதும் விலக்கலாக எண்ணப்படலாம் என்று அமெரிக்கக் கல்வித் துறை 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் எண்ணிக் காட்ட வேண்டியவர் பெற்றோர்தான். அதற்கு அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போதும்:

"இன்று 11.45 மணிக்கு அழைத்து, என் மகனை உடனே கூட்டிப்போகச் சொன்னீர்கள். 12.30 மணிக்கு அழைத்துப்போனேன். இது சஸ்பென்ஷனா? ஆம் என்றால் காரணத்துடன் கடிதம் அனுப்பவும். வகுப்பில் இல்லாத நேரத்துக்கு மாற்றுப் பாடம் எப்போது தருவீர்கள் என்றும் தெரிவிக்கவும். இல்லை என்றால், நாளை முதல் பள்ளி முடியும் நேரத்துக்கு வருகிறேன்."

சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. தேதியும் நேரமும் பதிவாகிவிடுகின்றன. பள்ளி ஆம் என்றால் சட்ட உரிமைகள் ஓடத் தொடங்கும். இல்லை என்றால் அடுத்த அழைப்புக்கு முன் யோசிப்பார்கள். தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருந்த பெற்றோரிடம் ஆறு மாதம் கழித்து வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

சிறப்புக் கல்வி: யார் தீர்மானிப்பது, யார் தருவது

இங்கேதான் பெற்றோர் அதிகம் குழம்புகிறார்கள், குழம்பக் காரணமும் உண்டு. சார்ட்டர் பள்ளியில் படித்தாலும் பிள்ளையை மதிப்பிட்டு ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டத்தை எழுதுவது நகரக் கல்வித் துறையின் சிறப்புக் கல்விக் குழு. திட்டத்தில் உள்ளதை வகுப்பில் நடத்துவது பெரும்பாலும் சார்ட்டர் பள்ளி. பேச்சுப் பயிற்சி போன்றவற்றை இரண்டு தரப்பில் யார் தருவது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆளுக்கு ஆள் மற்றவரைக் கைகாட்ட இது வசதியான ஏற்பாடு.

மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். சேவை ஏற்பாடு 60 பள்ளி நாளுக்குள். கையெழுத்துப் போட்ட தாளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் அந்தத் தேதியில்தான் ஓடத் தொடங்குகிறது.

பணக் கணக்கும் தெரிந்திருந்தால் பள்ளியின் நடத்தை புரியும். வார நேரத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாகச் சேவை பெறும் பிள்ளைக்குக் கூடுதல் தொகை எதுவும் இல்லை. 20 முதல் 60 சதவீதம் என்றால் பல ஆண்டுகளாகச் சுமார் 10,400 டாலர் கூடுதல். 60 சதவீதம், அதற்கு மேல் என்றால் சுமார் 19,000. பொது வகுப்பிலேயே சிறப்பு ஆசிரியரும் கூட நிற்கும் இரட்டை ஆசிரியர் வகுப்பு சார்ட்டர் பள்ளிகளில் பரவலாக இருப்பதற்கும், பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட தனிச் சிறு வகுப்பு அரிதாக இருப்பதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். சின்னப் பள்ளியில் ஒரே வயதில் அப்படிப் பன்னிரண்டு பேர் சேர மாட்டார்கள் என்பது இன்னொன்று.

ஆகவே சிறு வகுப்பு தேவை என்று நகரக் குழு எழுதிவிட்டால் "எங்களிடம் அது இல்லை" என்று பள்ளி சொல்லும். பெற்றோர் நகரப் பள்ளிக்குப் போக வேண்டிய நிலை. பிள்ளைக்கு அது உண்மையிலேயே நல்லதாக இருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தைக் கேட்டது யார், எதை வைத்துக் கேட்டார்கள் என்று பாருங்கள். இரட்டை ஆசிரியர் வகுப்பும் நடத்தைத் திட்டமும் முயன்று பார்த்த பதிவு இல்லாமல் நேரே சிறு வகுப்பு என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. கருத்து வேறுபாட்டில் முறையான விசாரணைக்கு விண்ணப்பித்துவிட்டால், தீர்ப்பு வரும்வரை பிள்ளை இருக்கும் இடத்திலேயே தொடரலாம்.

ஃபோர்ட் கிரீன் கிளை மீதான வழக்கு, எழுதாத அனுப்புதலும் சிறப்புக் கல்வியும் ஒன்றாக முடிச்சிட்ட இடம். குறைபாடு உள்ள, அல்லது இருக்கலாம் என்று கருதப்பட்ட ஐந்து சிறு குழந்தைகளின் குடும்பங்கள் தொடுத்த வழக்கு அது. தொடர்ந்து பாதி நாளில் அனுப்பினார்கள், ஒழுங்கு விதியைத் தளர்த்த மறுத்தார்கள், கடைசியில் வெளியே தள்ளினார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2021இல் 24 லட்சம் டாலருக்கு மேல் பள்ளி தர வேண்டும் என்று முடிந்தது, வழக்கறிஞர் செலவும் சேர்த்து. வேறொரு விவகாரத்தில், தொலைக்காட்சியில் பேசிய தாய்க்குப் பதிலடியாக அவர் மகனின் ஒழுங்குப் பதிவுகளைப் பள்ளி வெளியிட்டது மாணவர் ரகசியச் சட்ட மீறல் என்று மத்தியக் கல்வித் துறை 2019இல் முடிவு சொன்னது. ஊடகத்தில் பேசும் பெற்றோர் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

73லிருந்து 16

2018இல் முதல் முறையாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் 16 பேர். 2006இல் அந்தக் கூட்டம் முதல் வகுப்பில் 73 பேராகத் தொடங்கியது. 16 பேரும் நான்காண்டுக் கல்லூரிகளில் இடம் பெற்றிருந்தார்கள். ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இரு தரப்புப் பிரசாரத்துக்கும் இது தீனி. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டில் ஹார்லெமில் குடும்பங்கள் வீடு மாறுவது சகஜம். நகரத்தின் சுயேச்சை நிதி ஆய்வு அலுவலகம் 2014இல் பார்த்தபோது, 2008இல் பாலர் வகுப்பில் சேர்ந்தவர்களில் மூன்றாண்டு கழித்தும் அதே பள்ளியில் இருந்தவர்கள் சார்ட்டர் பள்ளிகளில் 70 சதவீதம், பக்கத்து நகரப் பள்ளிகளில் 61 சதவீதம். அதாவது பிள்ளைகள் போவது மட்டும் குற்றச்சாட்டு ஆகாது. வித்தியாசம், காலி இடத்தை நிரப்புவதில் இருக்கிறது. நகரப் பள்ளி ஆண்டு நடுவில் வரும் எவரையும் எடுக்கும். சக்ஸஸ் பல ஆண்டுகள் நான்காம் வகுப்புக்குப் பிறகு புதியவர்களை எடுக்கவில்லை. மேலே போகப் போக, விதிக்குப் பழகியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பெற்றோர் எல்லாரும் பள்ளியைப் புகழ்வதில் வியப்பில்லை. கருத்துக் கேட்பவர்கள் பாலர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும் நடுவில் விலகியவர்களைத் தேடிக் கேட்டால்தான் படம் முழுதாகும்.

புகார் போகும் பாதை

முதலில் வகுப்பாசிரியர், பிறகு பிரின்சிபால்; இது எங்கும் உள்ளதுதான். அதற்கு மேல் சார்ட்டர் சட்டத்தின் 2855ஆம் பிரிவு தரும் பாதை முறையானது: பள்ளியின் அறங்காவலர் குழுவுக்கு எழுத்தில் புகார். எந்தச் சட்டம் அல்லது ஒப்பந்தத்தின் எந்த அம்சம் மீறப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். "ஆசிரியர் கடுமையாகப் பேசினார்" என்பது மட்டும் இந்தப் பாதையில் நகராது. "மூன்று முறை கடிதம் இல்லாமல் வகுப்பிலிருந்து விலக்கினார்கள்" என்பது நகரும். குழு சரியாகத் தீர்க்கவில்லை என்றால் அனுமதி தந்த அமைப்பு, அதாவது சக்ஸஸ் விஷயத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனியில் உள்ள சார்ட்டர் நிறுவனம். அதற்கும் மேலே ரீஜென்ட்ஸ். படி தாண்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மாதங்கள் வீணாகும்.

சிறப்புக் கல்வி மீறல் என்றால் இந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மாநிலக் கல்வித் துறைக்கு நேராகப் புகார் கொடுக்கலாம், நடந்தது ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், 60 நாளில் முடிவு வர வேண்டும். பிள்ளையின் கோப்பு முழுவதையும் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். புகாருக்கு முன்பே இதைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். நியூயார்க் சார்ட்டர் பள்ளிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் திறந்த கூட்டச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. அறங்காவலர் கூட்டத்தில் யாரும் போய் உட்காரலாம். ஆனால் பெற்றோர் பெரும்பாலும் அங்கே போவதில்லை. அந்த அறையில் இரண்டு அம்மாக்கள் வந்து உட்கார்ந்தாலே குறிப்பெழுதுபவர் நிமிர்ந்து பார்ப்பார்.

விலகுவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு வரிசை முக்கியம். முதலில் குடியிருப்பு எல்லைக்குரிய நகரப் பள்ளிக்கோ, கல்வித் துறையின் குடும்ப வரவேற்பு மையத்துக்கோ போய்ப் புதிய இடத்தை உறுதி செய்ய வேண்டும். எல்லைப் பள்ளியில் இடம் இல்லை என்றால் வேறு பள்ளி காட்டுவது மையத்தின் பொறுப்பு. ஐ.இ.பி. நகல், தடுப்பூசிப் பதிவு, கடைசி மதிப்பெண் அறிக்கை மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். விலகல் படிவம் அதற்குப் பிறகுதான். படிவத்தில் காரணம் எழுதும் இடத்தைப் பள்ளி நிரப்பித் தந்தால் அப்படியே கையெழுத்துப் போடாமல், உண்மைக் காரணத்தைத் தன் கையால் எழுதி, படம் எடுத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். நான்காம் வகுப்பு தாண்டிய பிள்ளை என்றால் திரும்பி வர வழி உண்டா என்பதை இந்தக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.